பயிர்களின் பற்றீரியா நோய்களும் தாவரச் சாறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் வேம்பு, உள்ளி, மஞ்சள், நொச்சி முதலியவற்றைப் பயிர்ப் பாதுகாப்புக்கும் தானியப் பாதுகாப்புக்கும் பயன்படுத்துவது நெடுங்கால வழக்கமாகும். 1990 ஆம் ஆண்டின் பின்னர், பொருளாதாரத் தடையினால் உரமும் கிருமிநாசினியும் குடாநாட்டுக்கு வருதல் அரிதாயிருந்த காலத்தில், இவ்வழக்கம் மேலும் பரவியது. 2021 மே மாதம் இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி நாடு முழுவதிலும் தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்படும் வரையும் பல கமக்காரர் தாவரச் சாறுகளையே நாடினர்.

இச்சாறுகளிற் சிலவற்றில் பற்றீரியாக்களைக் கொல்லும் பொருள்கள் உண்டு என்பது உண்மையே. ஆயினும், வாடத் தொடங்கிய தக்காளிச் செடிக்கு உள்ளிச்சாறு வார்த்தவர் செடி மடிந்ததும் உள்ளியிற் பயனில்லை என்கிறார். மேகம் கலைந்து வெயில் எறித்த வேளையிற் சாறு தெளித்தவரோ நோய் நின்றது சாற்றினாலேயே என்கிறார். இவ்விரு முடிவுகளும் ஆராயாது எடுக்கப்பட்டவை. எச்சாறு, எக்கிருமியை, எவ்விடத்தில் தாக்கும் என்பதை அறிந்தவரே அதனாற் பயனடைவர். அவ்வறிவை அளித்தலே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. பற்றீரியா நோயை அறிதல்

பயிர் வாடுதலும் அழுகுதலும் பல காரணங்களால் நேரும். பங்கசு, வட்டப்புழு, நீர்த்தேக்கம், உரமிகுதி ஆகிய ஒவ்வொன்றும் இவ்வாறான குறிகளைத் தோற்றுவிக்கலாம். ஆதலால் முதலில் நோய் பற்றீரியாவினால் ஏற்பட்டதா என அறிதல் வேண்டும்.

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தாக்கும் பற்றீரியா வாடல் நோயில், இலைகள் பச்சையாயிருக்கும்போதே செடி திடீரெனச் சோர்ந்து விழும். பங்கசு வாடலிலோ அடியிலைகள் முதலில் மஞ்சளாகிச் செடி மெல்ல மெல்ல வாடும். ஐயத்தைத் தீர்ப்பதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி, தெளிந்த நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் மட்டும் நீரிற் படுமாறு அசையாது பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற மெல்லிய இழைகள் கீழிறங்கினால் அது பற்றீரியா வாடல் நோயாகும். அவ்விழைகள் செடியின் நீர்க்குழாய்களை அடைத்திருந்த பற்றீரியாத் திரள்களே. அமெரிக்க அறிஞர் எர்வின் சிமித் இந்நோயை 1896 ஆம் ஆண்டில் விவரித்தார்.

நெல்லின் பற்றீரியா இலை வெளிறல் நோயில், இலை நுனியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் அலைபோன்ற விளிம்புடைய மஞ்சட் கீற்றுகள் கீழ்நோக்கிப் பரவிப் பின் வைக்கோல் நிறமடையும். அதிகாலையில் இக்கீற்றுகளின்மீது பால்நிறத் துளிகள் காணப்படலாம். நோயுற்ற இலையை வெட்டி நீரில் இட்டால், வெட்டுமுகத்திலிருந்து கலங்கல் வெளிவரும்.

வெங்காயம், கோவா, கரட் முதலியவற்றின் மென்னழுகலில், திசு கூழாகி நாற்றம் வீசும். கோவாவின் கறுப்பழுகல் நோயில், இலை விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி ஆப்பு வடிவான மஞ்சட் பரப்புத் தோன்றி, அதனுள் நரம்புகள் கறுத்துக் காணப்படும்.

2. தாவரங்கள் தம்மைக் காக்கும் முறை

விலங்கு பகையைக் கண்டு ஓடும். தாவரம் நின்ற இடத்திலேயே நின்று எதிர்க்க வேண்டும். அதற்காக அது பல இரசாயனப் பொருள்களை ஆக்குகின்றது. இவற்றுட் சில முன்னரே ஆக்கப்பட்டுத் தோலிலும் இலையிலும் இருப்பவை. சில காயம் பட்டபோது மாத்திரம் உண்டாகுபவை.

முதல் வகைக்கு உதாரணம் குடாநாட்டிற் பெருமளவிற் செய்கைபண்ணப்படும் சிவப்பு வெங்காயத்தைப் போன்ற நிறமுள்ள வெங்காயமாகும். வெள்ளை வெங்காயத்தின் புறத்தோலைக் கறைப்படுத்தும் ஒரு பங்கசு நிறமுள்ள வெங்காயத்தை எளிதிற் பற்றாமை ஏன் என அமெரிக்காவின் விசுகொன்சின் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். உலர்ந்த நிறத்தோலிலுள்ள புரோற்றோகற்றிக்கமிலம் என்னும் பொருளே அதற்குக் காரணமென 1929 ஆம் ஆண்டில் அறிவித்தனர். தாவரத்தின் நோயெதிர்ப்புக்கு ஒரு குறித்த இரசாயனப் பொருளே காரணமெனக் காட்டப்பட்ட முதல் உதாரணங்களுள் இஃது ஒன்று. வெங்காயத்தைச் சேமிக்கும்போது புறத்தோலை உரித்தல் தீது என்பதற்கு இது தக்க காரணமாகும்.

இரண்டாம் வகைக்கு உதாரணம் உள்ளி. முழு உள்ளிப்பல்லுக்கு மணம் குறைவு. அதை நசுக்கியவுடன் கடுமணம் எழும். பல்லினுள் அலீன் என்னும் கந்தகப் பொருள் ஓரிடத்திலும், அதை மாற்றும் நொதியம் வேறோரிடத்திலும் உள்ளன. நசுக்கும்போது இரண்டும் கலந்து அலிசின் உண்டாகின்றது. இதனை 1944 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கவலிற்றோ, பெயிலி ஆகிய இருவரும் பிரித்தெடுத்து, அது பலவகைப் பற்றீரியாக்களைத் தடுப்பதைக் காட்டினர். 2004 ஆம் ஆண்டில் செருமனிய ஆராய்ச்சியாளர் தாவர நோய்களை உண்டாக்கும் பற்றீரியாக்கள் சிலவும் உள்ளிச்சாற்றினால் தடுக்கப்படுவதை வெளியிட்டனர். இதிலிருந்து கமக்காரர் அறிய வேண்டியவை இரண்டு. உள்ளியை நசுக்குமுன் அவித்தால் நொதியம் அழிந்து அலிசின் உண்டாகாது. நசுக்கிய சாற்றை வைத்திருந்தால் அலிசின் சிதைந்து வலுக்குறையும்.

கடுகை நீர்விட்டு அரைக்கும்போது எழும் காரநெடியும் இவ்வாறு காயத்தினாற் பிறப்பதே. கடுகுச் செடியை வெட்டி மண்ணிற் புதைத்து, அந்நெடியால் மண்ணிலுள்ள கிருமிகளைக் குறைக்கும் முறைக்கு 1993 ஆம் ஆண்டில் ஆவுத்திரேலிய ஆராய்ச்சியாளர் உயிர்ப்புகையூட்டல் எனப் பொருள்படும் பெயரை இட்டனர்.

வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் ஆகியவற்றை 1942 ஆம் ஆண்டிற் சலிமுசமான் சித்திக்கி பிரித்தெடுத்தார். பூச்சிகளை உண்ணவிடாது தடுக்கும் அசாடிராக்றின் 1968 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிரித்தெடுக்கப்பட்டது. வேம்பின் புகழ் பெரும்பாலும் பூச்சித் தடுப்பைப் பற்றியதே. பற்றீரியாவைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இருப்பினும் அது வேறானது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

பனம்பழக் களியின் கைப்புக்குக் காரணமான பொருள்கள் பிளபெலிபெரின்கள் எனப்படும். இவை நீரில் நுரைக்கும் சபோனின் வகையைச் சேர்ந்தவை. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இவற்றைப் பிரித்து ஆராய்ந்து, சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பனவாகக் கண்டனர். குடாநாட்டின் கற்பகதருவாகிய பனையிலும் இத்தகைய பொருள் உண்டென்பது அறியத்தக்கது. எனினும், பனங்களியைப் பயிருக்குத் தெளிக்கலாம் என்பது இதன் பொருளன்று. அதிலுள்ள வெல்லம் நுண்ணுயிர்களுக்கு உணவாகவும் அமையும்.

3. ஆய்வுகூடத் தட்டும் வயல்நிலமும்

ஒரு தாவரம் பற்றீரியாவைக் கொல்லும் எனப் பத்திரிகைகளில் வரும் செய்திகளிற் பெரும்பாலானவை ஆய்வுகூடத் தட்டுச் சோதனையை அடிப்படையாகக் கொண்டவை. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஏகார் என்னும் பொருளை உணவுச்சத்துடன் காய்ச்சித் தட்டில் வார்த்து உறையவிட்டு, அதன்மேற் பற்றீரியாவைப் பரப்புவர். நடுவே சிறு குழியிட்டு அதிற் சாற்றை விடுவர். மறுநாள் குழியைச் சுற்றிப் பற்றீரியா வளராத தெளிந்த வளையம் காணப்பட்டால், சாற்றுக்குத் தடுப்பாற்றல் உண்டெனக் கொள்வர்.

இச்சோதனை பயனுடையதே. எனினும் தட்டுக்கும் வயலுக்கும் இடையே நான்கு வேறுபாடுகள் உள்ளன.

முதலாவது, செறிவு. ஆய்வுகூடத்தில் இலையைப் பெரும்பாலும் அற்ககோலில் ஊறவைத்து, வடித்து, வற்றச்செய்து செறிந்த சாறாக்குவர். கிணற்றுநீரில் ஊறிய இலைச்சாறு அதற்கு ஈடாகாது. மஞ்சளிலுள்ள குர்க்குமின் பற்றீரியாவைத் தடுக்கும் என 1949 ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது; ஆனால் குர்க்குமின் நீரிற் கரைவது மிக அரிது. மஞ்சள்நீர் மஞ்சளாயிருப்பதற்குப் பெரும்பாலும் அதில் மிதக்கும் தூளே காரணம்.

இரண்டாவது, ஐதாதல். ஒரு சதுர மீற்றர்ப் பாத்தியில் 15 சதம மீற்றர் ஆழம் வரையுள்ள மண்ணின் கனவளவு 150 இலீற்றர். அதன்மேல் ஓர் இலீற்றர்ச் சாற்றை வார்த்தால் அது எவ்வளவு ஐதாகும் என்பதைக் கமக்காரரே கணக்கிடலாம். அதன்மேலும், மண்ணிலுள்ள களியும் உக்கலும் சாற்றின் ஒரு பகுதியைப் பற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, கிருமி இருக்கும் இடம். வாடல் நோயின் பற்றீரியா வேரின் வழியே புகுந்து தண்டின் நீர்க்குழாய்களிற் பெருகும். இலை வெளிறல் நோயின் பற்றீரியாவும் இலையின் நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் புகுந்து நீர்க்குழாய்களிலேயே வாழும். இலையின் மேலே தெளித்த சாறு அவ்விடத்தை அடையாது. ஆதலால், உள்ளே கிருமி பெருகிய செடியை எத்தாவரச் சாறும் மீட்காது.

நான்காவது, கிருமியின் பழக்கம். ஒரு தாவரத்தை உண்டு வாழும் கிருமி அத்தாவரத்தின் நஞ்சைத் தாங்கக் கற்றிருக்கும். வெற்றிலையில் வலிய கிருமிகொல்லிப் பொருள்கள் உண்டு. எனினும் வெற்றிலைக்கும் பற்றீரியா இலைப்புள்ளி நோய் உண்டு. அதனை இலங்கையிற் சி. இரகுநாதன் 1928 ஆம் ஆண்டிற் பேராதனையிலிருந்து விவரித்தார். வெங்காயத்தை அழுகச் செய்யும் பந்தோயா என்னும் பற்றீரியம் உள்ளி, வெங்காயம் ஆகியவற்றின் கந்தகப் பொருள்களைத் தாங்கும் தனித் திறனுடையது என 2020 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யோர்ச்சியாப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். எனவே, வெங்காய அழுகலுக்கு உள்ளிச்சாற்றை நம்பியிருத்தல் தகாது.

4. எவ்விடத்திற் பயன்படும்?

மேற்கூறியவற்றால் தாவரப் பொருள்களிற் பயனில்லை என்பது பெறப்படாது. கிருமி வெளியே இருக்கும்போதும் தொகையிற் குறைவாயிருக்கும்போதும் அவை உதவலாம். காக்கவேண்டிய இடங்கள் விதை, நிலம், இலை, சேமிப்பு என நான்காகும்.

விதை: கோவாவின் கறுப்பழுகலும், தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் பற்றீரியாப் புள்ளி நோயும் விதைமூலம் பரவுவன. சிறிய விதையைச் சாறு முழுமையாகச் சூழும், ஐதாதலும் இல்லை. ஆனால் விதையின் உள்ளேயுள்ள கிருமிக்கு வெந்நீரே வலிது. தக்காளி, கோவா விதைகளை 50 பாகை செல்சியசு வெந்நீரில் 25 நிமிடமும், மிளகாய் விதையை 52 பாகை வெந்நீரில் 30 நிமிடமும் வைத்து, உடனே குளிர்நீரில் ஆற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். வெப்பமானி இன்றி இதைச் செய்யலாகாது. பழைய விதை வெந்நீரில் முளைதிறன் இழக்கும்.

நிலம்: அமெரிக்காவின் புளோரிடாவில் தைமோல் என்னும் பொருளைத் தோட்டநிலத்தில் இட்டு, பொலித்தீன் விரிப்பால் மூடி, ஒரு வாரத்தின் பின் தக்காளி நட்டபோது பற்றீரியா வாடல் கணிசமாகக் குறைந்ததாக 2005 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான பொருளே தைமோல். எனினும் அங்கு இடப்பட்டது தூய தைமோலேயன்றி ஓமநீர் அன்று. குடாநாட்டில் எளிதிற் செய்யத்தக்கது கடுகுச் செய்கையாகும். கடுகு பூக்கத் தொடங்கும்போது செடிகளைச் சிறிதாக நறுக்கி, நெடி போகுமுன் உடனே மண்ணிற் கலந்து, நீரிறைத்து, மண்ணை மூடிவைக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் சென்றபின்னரே நாற்று நட வேண்டும். இதன் பயன் நிலத்துக்கு நிலம் வேறுபடும். கோவாவின் கறுப்பழுகல் கடுகையும் பற்றுமாதலால், அந்நோய் கண்ட நிலத்திற் கடுகு விதைக்கலாகாது.

பூவரசு, கிளுவை, ஆடாதோடை, வேம்பு முதலிய குழைகளைத் தாழ்க்கும் நம் நாட்டு வழக்கத்தின் முதன்மைப் பயன் மண்ணுக்கு உக்கலை ஊட்டுதலே. வாடல் கண்ட பாத்தியிற் குழை தாழ்ப்பதோடு பயிர்ச் சுழற்சியும் வேண்டும். அங்கு தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவற்றை அடுத்தடுத்து நடாது, வெங்காயம், சோளம் போன்றவற்றைச் செய்கைபண்ண வேண்டும்.

இலை: நெல்லின் பற்றீரியா இலை வெளிறலுக்கு 5 சதவீத வேப்பம் பருப்புச் சாறு அல்லது 3 சதவீத வேப்பெண்ணெய்க் கலவை தெளிக்குமாறு கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்துள்ளது. நோய்க்குறி தோன்றிய உடனே தெளித்தால் மாத்திரமே பயன் எதிர்பார்க்கலாம். குடாநாட்டு நெற்செய்கை வடகீழ்ப் பருவமழையை நம்பியது. காற்றோடு பெய்யும் அம்மழை இலைகளை உராய்வித்துக் கிருமியைப் பரப்புவதோடு, தெளித்த சாற்றையும் கழுவிவிடும். ஆகவே மழை ஓய்ந்த நாள் பார்த்துத் தெளிக்க வேண்டும். நோய் கண்ட வயலுக்கு யூரியா இடுதலை நிறுத்திவைக்க வேண்டும்; நைதரசன் மிகுந்த பயிரை இந்நோய் எளிதிற் பற்றும். இலை நனைந்திருக்கும்போது வயலில் இறங்கலாகாது. நோயுற்ற வயலின் நீரை அயல் வயலுக்குப் பாயவிடலாகாது.

சேமிப்பு: வெங்காயத்தின் தாளும் கழுத்தும் நன்கு உலர்தல், காயமின்மை, காற்றோட்டம் ஆகிய மூன்றுமே காப்பாகும். அழுகியதை உடனுக்குடன் அகற்ற வேண்டும்.

5. வேப்பம் பருப்புச் சாறு தயாரித்தல்

உதிர்ந்த வேப்பம் பழங்களின் சதையைக் கழுவி நீக்கி, விதையை நிழலில் உலர்த்திக் காற்றோட்டமான சாக்கில் வைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த விதை ஆகாது. தோல் நீக்கிய பருப்பு 500 கிராமை இடித்துத் தூளாக்கி, துணியில் முடிந்து, ஓர் இலீற்றர் நீரில் ஓரிரவு ஊறவிட வேண்டும். காலையிற் பிழிந்து வடித்து, 10 இலீற்றர் ஆகுமாறு நீர் சேர்த்து, 20 கிராம் சவர்க்காரத்தைக் கரைத்துக் கலக்க வேண்டும்.

இங்கே நீரின் தன்மையைக் கவனித்தல் மிக அவசியம். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கற் பாறையில் அமைந்தவை. அவற்றின் நீர் பெரும்பாலும் வன்னீராகும். வன்னீரிற் சவர்க்காரம் நுரையாது திரையும். எண்ணெய் கலவாது மிதக்கும். அன்றியும், காரத்தன்மையுள்ள நீரில் அசாடிராக்றினும் அலிசினும் விரைவிற் சிதையும். ஆதலால் சாறு தயாரித்தற்குக் கூரையிலிருந்து சேகரித்த மழைநீரே சிறந்தது. வெயில் இப்பொருள்களைச் சிதைக்குமாதலால், மாலையிலேயே தெளிக்க வேண்டும். தயாரித்த சாற்றை அன்றே பயன்படுத்த வேண்டும்.

6. பரீட்சைப் பாத்தி

எச்சாற்றையும் தோட்டம் முழுவதற்கும் தெளிக்குமுன் சிறிய அளவிற் பரீட்சித்தல் அறிவுடைமையாகும். ஒரே தன்மையான நான்கு பாத்திகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் 25 செடிகள் நடவேண்டும். முதலாம், மூன்றாம் பாத்திகளுக்குச் சாற்றைத் தெளிக்க வேண்டும். இரண்டாம், நான்காம் பாத்திகளுக்குச் சவர்க்காரம் கரைத்த மழைநீரை மட்டும் அதே அளவிற் தெளிக்க வேண்டும். பயன் சாற்றினாலா, சவர்க்காரத்தினாலா என்பது இதனால் விளங்கும். உரமும் இறைப்பும் நான்கிற்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வாரந்தோறும் நோயுற்ற செடிகளை எண்ணிக் கொப்பியில் எழுத வேண்டும்.

சாறு தெளித்த 50 செடிகளில் 10 உம் தெளியாத 50 செடிகளில் 12 உம் நோயுற்றால், அவ்வேறுபாடு தற்செயலானதாகவே இருக்கலாம். 5 உம் 20 உம் எனப் பெரிய வேறுபாடு இரு சோடிப் பாத்திகளிலும் காணப்பட்டால், அடுத்த போகத்திலும் மீண்டும் பரீட்சித்துப் பார்த்தல் தகும். விதையைச் சாற்றில் ஊறவைப்பதாயின், முதலில் 20 விதைகளை ஊறவைத்து முளைக்கவிட்டுப் பார்க்க வேண்டும். செறிந்த உள்ளிச்சாறு முளையையும் கருக்கும்.

7. எச்சரிக்கை

தாவரத்திலிருந்து வந்தது என்பதால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. புகையிலை அவித்த நீரிலுள்ள நிக்கொற்றின் தோலின் வழியாகவும் உடலிற் புகும் கொடிய நஞ்சாகும். அன்றியும், புகையிலையிலுள்ள வைரசு மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொற்றலாம். அதனைத் தோட்டத்திற் பயன்படுத்தலாகாது. வேப்பெண்ணெய் குழந்தைகள் உட்கொண்டால் உயிருக்கு ஆபத்து; எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மீதிச் சாற்றைக் கிணற்றடியிலும் குளத்திலும் ஊற்றலாகாது. மனிதருக்கான நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளைக் கரைத்துப் பயிருக்குத் தெளித்தல் பெருந்தவறு. அதனால், மனித நோய்க் கிருமிகளும் அம்மருந்துக்கு அஞ்சாதனவாகிவிடும்.

8. நினைவிற் கொள்ள வேண்டியவை

அ. முதலிற் குவளைச் சோதனையினால் நோயை அறிக.

ஆ. நீர்க்குழாயிற் கிருமி பெருகிய செடியை எச்சாறும் மீட்காது. அதனை வேரோடும் மண்ணோடும் அகற்றி எரித்துவிடுக. அதற்குப் பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவாது அடுத்த பாத்திக்குக் கொண்டுசெல்லற்க.

இ. தூய விதை, பயிர்ச் சுழற்சி, அளவான நைதரசன், வடிகால் ஆகியவை முதற் காப்பு. தாவரச் சாறு துணைக் காப்பு.

ஈ. உள்ளியை அவிக்காது நசுக்குக. மழைநீரிற் கலக்குக. மாலையிற் தெளிக்குக.

உ. தெளியாத பாத்தியோடு ஒப்பிடாது எச்சாற்றையும் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம்.

நோயை அறிவதில் ஐயம் நேர்ந்தால், நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கி, பையிலிட்டுக் கட்டி, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறலாம். பரீட்சைப் பாத்தியின் குறிப்புக் கொப்பியையும் உடன் கொண்டுசெல்லுதல் நன்று. ஒரு கமக்காரர் கவனமாக எண்ணி எழுதிய கணக்கு அயலிலுள்ள கமக்காரருக்கும் பயன்படும்.